அம்மாவுக்கு அமைதி பிடிக்கும்

டூர் மேனேஜர் வேலைன்னா ஓசியில ஊர் சுத்துற வேலைன்னு யாராவது நினைச்சுக்கிட்டு இருந்தா, அறுபது வயசு தாண்டின பதினோரு பேரை ஒரு வேன்ல ஏத்திக்கிட்டு மயிலாப்பூர்லேருந்து தி.நகர் வரைக்கும் ஒரே ஒரு தடவை வந்து பாருங்க, அப்புறம் பேசலாம். அப்பா அம்மாவை ஒரு கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போய்த் திரும்ப வீட்டுல கொண்டுவந்து விடறதுக்குள்ள நாக்குத் தள்ளிப் போனவங்கதானே நீங்க எல்லாரும்? அதனாலதான் உங்ககிட்ட தைரியமாப் புலம்பறேன்.

எங்க கம்பெனி ராஜா அண்ணாமலைபுரத்துல, ஒரு மருந்துக்கடைக்கு மேல ரெண்டு ரூம். அறுபதுக்கு மேற்பட்டவங்களை மட்டும்தான் கூட்டிட்டுப் போவோம். போன வருஷம் சிங்கப்பூர்ல ஒரு பெரியவர் மூணு மணி நேரம் காணாமப் போனாரு. அவரு ஜாலியா ஏதோ ஒரு மால்ல ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாரு, எனக்கு உசுரு போய் உசுரு வந்துச்சு. அதுலேருந்து ஒரு சட்டம். வெளிநாடு போறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் சென்னையிலேயே ஒரு நாள் ஒத்திகை. யார் சொன்ன நேரத்துக்கு வேனுக்குத் திரும்பறாங்க, யார் யார்கூட ஒரே ரூம்ல படுக்க முடியும், யாரைக் கூட்டிட்டுப் போகவே முடியாது, எல்லாத்தையும் நான் பார்த்து ரிப்போர்ட் எழுதணும். இப்போ சொல்லப் போறது வியட்நாம் எட்டு நாளுக்கான ஒத்திகை. எனக்கு வயசு ஐம்பத்திநாலு, ரெண்டு முட்டியும் போச்சு, ஆனா அந்த வேன்ல எல்லாருக்கும் நான் ‘சேகர் தம்பி’.

நாலு கலர் அட்டை

எங்க ஆபீஸ் மேனேஜர் பிரவீணுக்கு இருபத்தொன்பது வயசு. நல்ல பையன், ஆனா எங்கேயோ ரெண்டு நாள் டிரெய்னிங் போயிட்டு வந்துட்டான். வந்ததுலேருந்து, ஒவ்வொரு மனுஷனுக்கும் பயணத்துல ஒரு குணம் இருக்கு சார், அதைக் கண்டுபிடிச்சுட்டா வேலை முடிஞ்சதுன்னு ஒரே பாட்டு. இருபது கேள்வி போட்டு ஒரு ஃபாரம் தயார் பண்ணான். பதிலைப் பார்த்து ஆளுக்கு ஒரு கலர் அட்டை. அமைதின்னா நீலம், சாகசம்னா சிவப்பு, சாப்பாடுன்னா பச்சை, ஷாப்பிங்னா மஞ்சள். அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வரணும்.

யோசனை என்னவோ நல்ல யோசனைதான். ஆனா நம்ம ஊர்ல பெரியவங்களுக்கு ஒரு ஃபாரம் அனுப்பினா என்ன ஆகும்? அது நேரா மகனுக்கோ மகளுக்கோ ஃபார்வேர்ட் ஆகும். ஆபீஸ் வேலைக்கு நடுவுல ரெண்டே நிமிஷத்துல அவங்க தட்டி விட்டுடுவாங்க. பதினோரு ஃபாரம் வந்துச்சு, பத்தை நிரப்பினது பிள்ளைங்க. ‘உங்களுக்குப் பிடித்த சாகசம் எது’ங்கிற கேள்விக்கு ஒரு மருமகன் ‘மாமா லிஃப்ட்ல ஏற மாட்டார்’னு எழுதியிருந்தாரு. போகப்போறது யாரோ, அவங்க கைப்பட எழுதாத ஃபாரத்தை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றதுன்னு பிரவீண்கிட்ட கேட்டேன். அவன் லேப்டாப்லேருந்து நிமிரவே இல்லை. “என்ன சார் இது, பெத்த பிள்ளைங்களுக்குத் தெரியாததா அவங்களுக்குத் தெரிஞ்சுடப் போகுது?”

தனிமை விரும்பி

சயீத் பாய்க்கு அறுபத்தெட்டு வயசு. ராயப்பேட்டையில நாற்பது வருஷம் ஷெர்வானி தைச்சவரு, இப்போ கடையைப் பசங்ககிட்ட விட்டுட்டாரு. அவரு ஃபாரத்தைப் பெங்களூர்ல இருக்கிற மகள் நிரப்பியிருந்தாங்க. அம்மா போனதுலேருந்து அப்பா யார்கூடவும் பேசறதில்லை, கூட்டம் ஆகாது, தயவுசெஞ்சு தொந்தரவு பண்ணாதீங்கன்னு உருக்கமா ஒரு பாரா. நீல அட்டை கொடுத்து, வேன்ல கடைசி ஒத்தை சீட்டை அவருக்கு ஒதுக்கி, மத்தவங்ககிட்ட எல்லாம் பாயைத் தொல்லை பண்ணாதீங்கன்னு ரகசியமா சொல்லியும் வெச்சேன்.

காலையில ஏழு மணிக்குக் கபாலி கோயில் தெப்பக்குளத்துகிட்ட எல்லாரும் கூடினோம். நான் தலை எண்ணி முடிக்கிறதுக்குள்ள பாய் பூக்கார அம்மாவோட முட்டிவலிக்கு எண்ணெய் சொல்லிட்டாரு. எங்க டிரைவர் ஏழுமலையோட மகளுக்கு மாப்பிள்ளை எங்க வேலை பாக்குறாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாரு. அந்தப் பக்கம் போன ஒரு குருக்களை நிறுத்தி, உங்களுக்கு வலது தோள் அரை இன்ச் இறக்கம், சட்டை தைக்கிறப்ப சொல்லித் தைங்கன்னு யோசனை வேற. அவரைப் பிடிச்சு இழுத்து வேன்ல ஏத்தறதுக்கே கால் மணி நேரம். ஏறினவரு கடைசி சீட்டுக்குப் போகாம நடு வழியில நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தரா விசாரிக்க ஆரம்பிச்சாரு. எனக்கு வந்துச்சே எரிச்சல்! பாய், நீங்க யார்கூடவும் பேச மாட்டீங்கன்னு உங்க பொண்ணு எழுதியிருக்காங்களேன்னு கேட்டுட்டேன். அவரு சீட்டுக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என் பக்கம் திரும்பினாரு. “அரே, வீட்ல ஆளாளுக்குப் போனைப் பார்த்துட்டு இருந்தா நான் செவுத்துகிட்டயா பேசறது, தம்பி?”

மஞ்சள் அட்டை அண்ணாச்சி

சுடலைமுத்து அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். தி.நகர்ல ஜவுளிக்கடை. மகன் நிரப்பின ஃபாரத்துல ‘அப்பாவுக்குக் கடைன்னா உயிர்’னு இருந்துச்சு, அதனால மஞ்சள் அட்டை. கூட வந்த அவரு சம்சாரம் பேச்சியம்மாளோட ஃபாரத்துல இருபது கேள்விக்கும் ஒரே பதில்: ‘அப்பா மாதிரியே’.

மயிலாப்பூர்ல ஒரு மெஸ்ல டிபன். எல்லாரையும் உக்கார வெச்சுட்டுத் திரும்பினா அண்ணாச்சி கல்லாப்பெட்டிப் பக்கத்துல நிக்கிறாரு. “வாங்க வாங்க, நீங்க எத்தனை பேரு? ரெண்டு பேரா? அந்தா, அந்த மூலையில எடம் இருக்கு”ன்னு வர்றவங்களை வரவேற்கிறாரு. சர்வரைக் கூப்பிட்டு, ஏலேய், மூணாம் டேபிள்காரரு எம்புட்டு நேரமா சட்னிக்குக் காத்துக்கிட்டு இருக்காருன்னு அதட்டல் வேற. மெஸ்காரரு என்னையும், நான் அண்ணாச்சியையும் மாறி மாறிப் பார்க்கிறோம். மஞ்சள் அட்டைக்கு அர்த்தம் கடையில வாங்கறது, கடையை நடத்தறது இல்லைன்னு யார் இவருக்குப் புரிய வைக்கிறது? அவரு இலையில வெச்ச பொங்கல் ஆறி அவலாப் போச்சு.

பேச்சியம்மா மட்டும் அசையல. ரெண்டாவது காபி வாங்கி, ஆத்தி ஆத்திக் குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்க பக்கத்துல போய் உக்காந்து, வியட்நாம்ல படகு இருக்கு, மலை இருக்கு, குகை இருக்கு, உங்களுக்கு எதைப் பார்க்க ஆசைன்னு கேட்டேன். அவங்க டம்ளரைக் கீழ வெச்சாங்க. “ஒம்பது மணி வரைக்கும் தூங்கணும் தம்பி, கதவைத் தட்டி ‘பேச்சி, கடைச் சாவி எங்க’ன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது, அம்புட்டுதான்.”

சொந்தக் கையால நிரப்பின ஒரே ஃபாரம்

பதினொண்ணுல மிச்சம் இருந்த அந்த ஒரு ஃபாரம் ஹெல்காவோடது. ஜெர்மனிக்காரம்மா, எழுபத்திமூணு வயசு. ரெண்டு வருஷமா மயிலாப்பூர்ல ஒரு மாடி அறையில தங்கித் தமிழ் படிக்கிறாங்க. பேசினா அப்படியே பாடப்புத்தகம். இருபது கேள்விக்கும் பதில் எழுதினது பத்தாதுன்னு கூட ரெண்டு பக்கம் ஒட்டியிருந்தாங்க. ‘காலை எட்டு மணிக்கு முன் என்னுடன் பேச வேண்டாம். நான் குறட்டை விடுவேன். கூட்டமாகப் பாடினால் எழுந்து போய்விடுவேன்.’ குறட்டை விடுவீங்களாங்கிற கேள்விக்கு மத்த பத்து பேருக்கும் ‘இல்லை’தான் பதில். அந்தப் பத்துல நாலு பேரு சாந்தோம் தாண்டறதுக்குள்ள வேன்ல விட்ட குறட்டையில ஏழுமலைக்கு ஹாரன் சத்தமே கேக்கல.

ஏழு மணின்னு சொன்னா இந்தம்மா ஆறு ஐம்பத்தஞ்சுக்கு நிப்பாங்க. அன்னிக்கும் நின்னாங்க. நாங்க கிளம்பினது ஏழே முக்கால். நடுவுல ஒருத்தர் மாத்திரையை மறந்து வீட்டுக்குப் போனாரு, ஒருத்தங்க பால்காரருக்குச் சொல்லிட்டு வரேன்னு போனாங்க. ஹெல்கா ஒண்ணும் பேசல, மணிக்கட்டைத் திருப்பி வாட்ச்சை என் கண்ணுக்கு நேராக் காட்டினாங்க. எட்டு மணி ஆனதும் நானே போய், பெரியவங்கன்னா முன்னப்பின்ன ஆகும் மேடம், கொஞ்சம் அனுசரிச்சுக்கணும்னு சமாதானம் சொன்னேன். “நானும் பெரியவள்தான், திரு. சேகர், நான் வந்துவிட்டேனே.”

இருபது கேள்விக்கு ஒரே பதில்

இப்போ ரங்கநாயகி மாமி. எழுபத்தொரு வயசு. மயிலாப்பூர்ல மாடவீதியை ஒட்டின சந்துல தனியா இருக்காங்க. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, மாமா போய் ரெண்டு வருஷம் ஆச்சு. மகன் ஸ்ரீராம் டல்லாஸ்ல. அவரு நிரப்பின ஃபாரத்துல முதல் கேள்விக்கு ‘அம்மாவுக்கு அமைதி பிடிக்கும்’. அதுக்கப்புறம் பத்தொன்பது கேள்விக்கும் அதையே காப்பி பண்ணி ஒட்டியிருந்தாரு. ரூம் பார்ட்னரா எங்க மாதிரிக் குடும்பத்து லேடியாப் பார்த்துப் போடுங்கன்னு கீழ ஒரு குறிப்பு.

அதோட விட்டாரா? எனக்குப் போன் பண்ணாரு. “சார், உங்க ரிப்போர்ட்டை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். அம்மா கொஞ்சம் தடுமாறினாலும் மறைக்காம சொல்லிடுங்க. வியட்நாமும் வேண்டாம், தனியா மயிலாப்பூர்ல இருந்ததும் போதும். கோயம்புத்தூர் பக்கத்துல பெரியவங்களுக்கான ஒரு குடியிருப்புல வீடு சொல்லி வெச்சிருக்கேன், அடுத்த மாசம் வந்து கொண்டுபோய் விட்டுடுவேன்”னாரு. பாருங்க, ஒரு அம்மா சொந்த வீட்டுல இருக்கிறதா வேண்டாமான்னு நான் எழுதற நாலு வரியிலயா தொங்கணும்? நான் டிக்கெட் எடுக்கிறவன், ஜட்ஜா? இந்த விஷயம் மாமிக்கும் தெரியும். தெரிஞ்சும் அடங்கி உக்காந்தாங்களான்னா, அதுதான் இல்லை.

டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு, ஏம்ப்பா, இதுக்கு மேல வேகமாப் போகாதான்னு ஒரே நச்சரிப்பு. ஏழுமலை நொந்துபோய், “மாமி, முன்னாடி மெட்ரோ வேலை நடந்துகினு கீது, நான் இன்னா பறந்தா போறது?”ன்னான். சாந்தோம் கடற்கரையில பத்து நிமிஷம் நிறுத்தினோம். எல்லாரும் மணல்ல நின்னு போட்டோ எடுக்கிறாங்க, மாமி புடவையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு முழங்கால் தண்ணியில நிக்கிறாங்க. மாமி, வெளிய வாங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். நிதானமா வந்து புடவையைப் பிழிஞ்சாங்க. “வியட்நாம்ல படகு ஆடறச்சேயும் இப்படித்தான் கத்துவேளா? இப்பவே சொல்லிடுங்கோ, காதுல பஞ்சு வெச்சுண்டு வரேன்.”

ஒரு மணி நேர அமைதி

பிரவீணோட திட்டப்படி, நீல அட்டைக்காரங்களுக்கு அடையாறுல ஒரு பூங்காவுல ஒரு மணி நேர அமைதி. மரத்தடியில உக்காரணும், பேசக் கூடாது. மத்த கலருங்க எல்லாம் பக்கத்துத் தெருவுல ஜூஸ் குடிக்கப் போயிட்டாங்க. நீல அட்டை மொத்தம் அஞ்சு பேர். சயீத் பாயைப் பேசவிடாம உக்கார வைக்கிறதுலேயே என் கவனம் எல்லாம் போச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு, ஜூஸ் குடிக்கப் போனவங்களும் திரும்பினதும் எண்ணினா பத்து தலைதான் இருக்கு. மாமியைக் காணோம்.

போன் அடிச்சுப் பார்த்தா வேன்ல சார்ஜர்ல மாட்டின இடத்துலேயே அது பாடுது. கையும் ஓடல, காலும் ஓடல. பாத்ரூம் பக்கம் ஓடினேன், ரோட்டுக்கு ஓடினேன், எதிர்ல ஒரு கோயில் இருந்துச்சு, அதுக்குள்ள ஓடினேன். அண்ணாச்சி, நல்ல புடவைக் கடை ஏதாச்சும் கண்ணுல பட்டிருக்கும், பாத்துக்கிடுங்கன்னாரு. பேச்சியம்மா, பாவம், எங்கயாவது படுத்து ஒரு தூக்கம் போட்டிருப்பாங்கன்னாங்க. சயீத் பாய் அஞ்சே நிமிஷத்துல வாட்ச்மேன், ஐஸ்காரர், வாக்கிங் வந்த நாலு பேருன்னு ஒரு படையே திரட்டி, மாமியோட தோள் அகலத்தை எல்லாருக்கும் கைவிரிச்சுக் காட்டி அடையாளம் சொல்லிட்டாரு. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஆசையைத்தான் மாமி மேல ஏத்திச் சொன்னாங்க. நாற்பது நிமிஷம் ஓடிப்போச்சு. என் கண்ணுக்கு முன்னாடி கோயம்புத்தூர் போற ரயிலும் அதுல மாமியும்தான் தெரியறாங்க. கோவமும் வருது, அழுகையும் வருது. வேன் படிக்கட்டுல உக்காந்துட்டேன். ஏழுமலை தண்ணி பாட்டிலை நீட்டினான். “விடு சார், மாமி காணாப்பூடுற கேஸ் இல்ல, அது எங்கனா குந்திகினு நம்மளக் காணோம்னு தேடிக்கினு இருக்கும்.”

கேக்காம விட்ட ஆள்

பெஞ்சுல ஹெல்கா புஸ்தகம் படிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்களை மட்டும் நான் கேக்கல. கேக்கணும்னே தோணல, காலையில வாங்கினது அப்படி. கடைசியில, எதுக்கும் கேட்டு வைப்போம்னு போய், மேடம், ரங்கநாயகி மாமியைப் பாத்தீங்களான்னேன். படிச்ச பக்கத்துக்கு அடையாளமா ஒரு இலையை வெச்சுப் புஸ்தகத்தை மூடினாங்க. “பார்த்தேன். ஒரு மணி நேரம் மரத்தைப் பார்க்க முடியாது என்றார். தி.நகர் செல்லும் பேருந்தில் ஏறினார். பேருந்து நிலையத்தில் சந்திக்கலாம் என்றார்.”

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிடுச்சு. ஊரே தேடுது, பாய் வாட்ச்மேனை எல்லாம் ஓட விட்டிருக்காரு, நீங்க வாயைத் திறக்காம உக்காந்திருக்கீங்களே, இது நியாயமான்னு கத்திட்டேன். நம்ம ஆளுங்கன்னா கேக்காமலே எதிர்வீட்டுக் கதை வரைக்கும் சொல்லியிருப்பாங்க இல்லையா? அந்தம்மாவுக்கு நிஜமாவே புரியல. நெத்தியைச் சுருக்கி யோசிச்சாங்க. “எழுபத்தொரு வயதுப் பெண் பேருந்தில் ஏறினால், அதை ஊருக்கு அறிவிக்க வேண்டுமா?”

தி.நகர் பஸ் ஸ்டாண்டு

அடையாறுலேருந்து தி.நகருக்கு வேன் வந்து சேர இன்னொரு ஐம்பது நிமிஷம். நந்தனத்துல சிக்னல்ல நின்ன நேரத்துல நான் வேண்டாத தெய்வம் இல்லை. பஸ் ஸ்டாண்டுல இறங்கினா, மாமி ஒரு சிமெண்ட் பெஞ்சுல கால்மேல கால் போட்டு உக்காந்திருக்காங்க. கையில ஒரு பை. உள்ள வியட்நாமுக்குன்னு வாங்கின துணி காயப்போடற கயிறு, ஒரு டஜன் கிளிப்பு, ஒரு டார்ச் லைட்டு. பொம்பளைங்களுக்குக் காசு கேக்காத பிங்க் பஸ்ல வந்து, கடைக்குப் போய், வாழைக்காய் பஜ்ஜி ரெண்டு சாப்பிட்டு, வழி தெரியாம நின்ன ஒரு குடும்பத்தைச் சரியான பஸ்ல ஏத்தியும் விட்டிருக்காங்க. “ஒண்ணரை மணி நேரமாக் காத்துண்டிருக்கேன், எங்கே போயிட்டேள் எல்லாரும்?”னு என்னைக் கேக்கறாங்க! என்னை!

அடக்க முடியல. நடு பஸ் ஸ்டாண்டுல நின்னு கத்தினேன். உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் யாருக்குப் பதில் சொல்றது, உங்க பையன் சாயந்திரம் போன் பண்ணுவாரு, நான் என்ன எழுதட்டும், உங்களைக் கோயம்புத்தூருக்கு அனுப்பற பாவம் என் தலையில விழணுமான்னு கேட்டுட்டேன். கோயம்புத்தூர்னதும் மாமியோட மூஞ்சி சுண்டிப் போச்சு. பையை மடியில வெச்சுக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனா கத்தினவன் நான், சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப வாங்கறது? அப்புறம் பையோட எழுந்து நின்னாங்க. “நீங்க எழுத வேண்டியதை எழுதுங்கோ சேகர், ஆனா காணாமப் போனேன்னு மட்டும் எழுதாதீங்கோ, நான் இருந்த இடம் எனக்குத் தெரியும்.”

ரூம் பார்ட்னர்

வேன்ல மாமி போய் ஹெல்கா பக்கத்துல உக்காந்தாங்க. தனியா வர்ற பொம்பளைங்க இவங்க ரெண்டு பேர்தான், ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போடறதைத் தவிர எனக்கு வேற வழியே இல்லை. மகன் கேட்ட ‘எங்க மாதிரிக் குடும்பத்து லேடி’க்கு நான் எங்க போறது? எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம, மாமி, இவங்க குறட்டை விடுவாங்களாம், காலையில எட்டு மணி வரைக்கும் பேசவும் மாட்டாங்களாம்னு மென்னு முழுங்கினேன். மாமி கையை ஆட்டி என்னை நிறுத்திட்டாங்க. “இவளோடயே போடுங்கோ, இத்தனை நாழியில எத்தனை குழந்தைகள், ஏன் தனியா இருக்கேள்னு ஒரு கேள்வி கேட்டாளா பாருங்கோ!”

டல்லாஸ்ல பொழுது விடியற நேரம்

சாயந்திரம் பனகல் பூங்கா பக்கத்துல எல்லாரும் டீ குடிச்சுக்கிட்டு இருக்கறப்போ ஸ்ரீராம் வீடியோ கால்ல வந்தாரு. மாமி என் பக்கத்துலயேதான் நின்னாங்க. நந்தனத்துலேருந்தே நான் ஒரு பொய்யைத் தயார் பண்ணி வெச்சிருந்தேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சது சார், அவ்வளவுதான், சொல்லிட்டுக் கட் பண்ணிடறது. “சார், எப்படி? அம்மா அமைதியா இருந்தாங்களா?”ன்னாரு. அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்ன ஆச்சோ, இல்லை சார், அடையாறுல என்கிட்ட சொல்லாமலே எழுந்து பஸ் பிடிச்சு தி.நகர் வந்துட்டாங்கன்னு உண்மையைச் சொல்லித் தொலைச்சுட்டேன். மாமி ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கிட்டாங்க.

தனியாவா, பஸ்லயா, நீங்க எல்லாம் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்கன்னு ஸ்ரீராம் எகிறினாரு. அம்மாவால மேனேஜ் பண்ண முடியலைன்னு எழுதிடுங்க, அடுத்த மாசமே வரேன்னாரு. எனக்கும் வந்துச்சு கோவம். காலையிலேருந்து பதினோரு பேர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது எல்லாம் சேர்ந்துக்கிச்சு. “மேனேஜ் பண்ண முடியாமப் போனது நாங்க சார். உங்கம்மா சொன்ன இடத்துல, சொன்ன மாதிரி உக்காந்திருந்தாங்க. வழியில ஒரு குடும்பத்துக்குப் பஸ் காட்டி விட்டிருக்காங்க. லேட்டா வந்தது வேன். இதைத்தான் நான் எழுதுவேன், கையெழுத்தும் போடுவேன். அதுக்கு மேல உங்க இஷ்டம்”னு சொல்லிட்டேன். வேலை போனாலும் போகட்டும்னு தோணிடுச்சு.

“சார், எங்கம்மாவைப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா? அம்மாவுக்கு அமைதிதான் பிடிக்கும். சின்ன வயசுலேருந்து பார்க்கிறேன், ஆத்துல அவ குரல் உசந்து நான் கேட்டதில்லை”ன்னாரு. மாமி என் கையிலேருந்து போனை வாங்கிக்கிட்டாங்க. “ஸ்ரீராம், அமைதி பிடிச்சது உங்கப்பாவுக்குடா. ஆத்துல சின்னச் சத்தம் கேட்டாலும் அவருக்கு ஆகாது. நாப்பத்தாறு வருஷம் நான் அவருக்காகச் சத்தம் போடாம இருந்துண்டிருந்தேன். அதைப் பார்த்துட்டு எனக்குப் பிடிக்கும்னு நீ எழுதிட்டே. தப்பு உன்னோடது இல்லை, நானும் சொன்னதில்லை.”

டீக்கடைக்காரர் கூட டம்ளரைக் கழுவறதை நிறுத்திட்டு இந்தப் பக்கம் பார்த்தாரு. சயீத் பாய் வாழ்க்கையிலேயே முதல் தடவையா வாயை மூடிக்கிட்டு நின்னாரு. ஸ்ரீராமுக்கு நாற்பத்தஞ்சு வயசு இருக்கும், தலையெல்லாம் நரை, தூங்கி எழுந்த பனியனோட கட்டில்ல உக்காந்திருந்தாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்ட மாதிரி இருந்துச்சு. அப்புறம், அப்போ உனக்கு என்னதாம்மா பிடிக்கும்னு கேட்டாரு. பிரவீணோட இருபது கேள்வியிலயும் இருக்கிற கேள்வி அதுதான், ஆனா மாமிகிட்டயே ஒருத்தர் கேட்டது அன்னிக்குத்தான். மாமி ரோட்டைப் பார்த்தாங்க, திரும்பவும் போனைப் பார்த்துச் சிரிச்சாங்க. “தெரியலைடா, போயிட்டு வந்து சொல்றேன்.”

அன்னிக்கே நான் வியட்நாம் பட்டியல்ல மாமி பேரை எழுதி, பக்கத்துல ரூம் பார்ட்னர் ஹெல்கான்னும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, வர்ற வழியில கம்பெனிக்குக் கீழ இருக்கிற மருந்துக்கடையில அந்த எட்டு நாளைக்கு எனக்கு வேண்டிய பி.பி. மாத்திரையைப் பதினஞ்சு நாளைக்காக் கேட்டு வாங்கிக்கிட்டேன்.